கீமோவுடன் குர்குமின் கேப்சூல்: தொடங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று திசுப் பரிசோதனையில் உறுதியான வாரத்தில், பார்க்க வந்த உறவினர்கள் எல்லோரும் ஆப்பிளும் மாதுளையும் வாங்கி வந்தபோது, ஈரோட்டிலிருந்து வந்த எங்கள் சித்தி மட்டும் தன் பையிலிருந்து ஒரு சிறிய வெள்ளைக் குப்பியை எடுத்துக் கொடுத்தார். "மஞ்சள்தானே கண்ணு, ஒண்ணும் பண்ணாது, கீமோவோட சேத்துச் சாப்பிடு" என்றார். அவருடைய அன்பில் எந்தக் குறையும் இல்லை. குப்பியின் மீது, ஒரு கேப்சூலில் 500 மில்லிகிராம் மஞ்சள் சாரம், அதில் 95 விழுக்காடு குர்குமினாய்டுகள் (மஞ்சளில் உள்ள குர்குமினும் அதை ஒத்த பொருள்களும்), கூடவே மிளகிலிருந்து எடுக்கும் பைப்பரின் 5 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தது. யாரையும் கேட்காமல் மூன்று நாள் கொடுத்துவிட்டோம். நான்காம் நாள் ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது, வேறு ஏதேனும் சாப்பிடுகிறீர்களா என்று செவிலியர் கேட்ட பிறகுதான் குப்பி வெளியே வந்தது. மருத்துவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, கீமோ முடியும்வரை வேண்டாம் என்று சொல்லி, ஏன் என்பதையும் பத்து நிமிடம் ஒதுக்கி விளக்கினார்.

அன்றிலிருந்து நான் படித்துத் தெரிந்துகொண்டவற்றை, அதே போன்ற ஒரு குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் குடும்பங்களுக்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். மருத்துவரிடம் போகும் முன் ஆயத்தமாவதற்கு இது உதவும். கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை நோயாளியும் அவருடைய புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும்.

முதலில் அளவைக் கணக்கிட்டுப் பாருங்கள்

மஞ்சள் தூளில் குர்குமின் என்னும் பொருள் எடைக்கு ஏறக்குறைய 3 விழுக்காடுதான் இருக்கிறது. ரகத்தையும் மண்ணையும் பொறுத்து இது கூடும், குறையும். ஒரு தேக்கரண்டி தூளைத் தலைதட்டி எடுத்தால் சுமார் 3 கிராம் வரும் என்று வைத்துக்கொண்டால், அதில் குர்குமின் 90 மில்லிகிராம் அளவில் இருக்கும். நான்கு பேர் சாப்பிடும் சாம்பாருக்கு அரைத் தேக்கரண்டி போடுகிறோம் என்றால், ஆளுக்கு 11 மில்லிகிராம் போய்ச் சேர்கிறது. சித்தி கொடுத்த கேப்சூல் ஒன்றில் இருந்ததோ 475 மில்லிகிராம். அந்த அளவைத் தூளாகச் சாப்பிட வேண்டுமானால் ஐந்து தேக்கரண்டிக்கு மேல் வேண்டும். சில புற்றுநோய் ஆய்வுகளில் நாளொன்றுக்கு 8 கிராம் குர்குமின் கொடுத்திருக்கிறார்கள். அது கால் கிலோ மஞ்சள் தூள் பாக்கெட்டில் இருப்பதைவிடச் சற்று அதிகம்.

இந்தக் கணக்கை நான் ஒரு மாலை அக்காவின் சமையலறையில், தராசும் தேக்கரண்டியும் வைத்துச் செய்து பார்த்தேன். ஒரே கேப்சூலுக்குச் சமமான தூளைத் தட்டில் கொட்டியபோது அது ஒரு குழிக்கரண்டி நிறைய வந்தது. அதைப் பார்த்த பிறகு, தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடுகிறோமே, இதில் என்ன ஆபத்து என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழவில்லை. நம் பாட்டிமார் சாப்பிட்ட அளவுக்கும் இந்தக் கேப்சூலின் அளவுக்கும் தொடர்பே இல்லை.

உணவில் நிறமூட்டியாகச் சேரும் குர்குமினுக்கு, உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து அமைத்த நிபுணர் குழு வகுத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம் வரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 180 மில்லிகிராம். ரசம், சாம்பார், பொரியல், இரவில் ஒரு டம்ளர் மஞ்சள் பால் என்று நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் இந்த வரம்புக்குள் வசதியாக அடங்கிவிடும். ஆகவே, மருத்துவர் தனியாகத் தடை சொல்லாதவரை, சமையலில் போடும் மஞ்சளை நிறுத்த வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் எச்சரிக்கைகள் அனைத்தும் சாரத்துக்கும் கேப்சூலுக்கும் கரண்டி கரண்டியாகத் தூளை விழுங்குவதற்கும் உரியவை.

மிளகு எதற்குச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

குர்குமின் வாய்வழியாகப் போனால் ரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். தண்ணீரில் அது எளிதில் கரைவதில்லை. குடல் சுவரையும் கல்லீரலையும் கடக்கும்போதே உடல் அதை உருமாற்றி வெளியேற்றிவிடுகிறது. 1998இல் பெங்களூரு ஆய்வாளர்கள், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்ததாகக் கண்டார்கள். கடைகளில் விற்கும் பல கேப்சூல்களில் பைப்பரின் இடம்பிடித்ததற்கு இந்த ஆய்வே முக்கியக் காரணம்.

ஆனால் பைப்பரின் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கவனியுங்கள். அந்நியப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளையும், குடல் சுவரில் அவற்றைத் திருப்பித் தள்ளும் புரதங்களையும் அது மட்டுப்படுத்துகிறது. அந்த நொதிகளும் புரதங்களும் குர்குமினுக்காக மட்டும் உடலில் இருப்பவை அல்ல. கீமோ மருந்துகள் பலவும், வாந்தித் தடுப்பு மாத்திரைகளும், ரத்த அழுத்த மாத்திரைகளும், வலிப்பு மாத்திரைகளும் அதே வழியாகத்தான் உடலை விட்டு வெளியேறுகின்றன. வழி அடைபட்டால் ஒரு மருந்து ரத்தத்தில் அளவுக்கு மேல் தேங்கலாம். உடலுக்குள் போன பிறகு வேறொரு பொருளாக மாறினால்தான் வேலை செய்யும் மருந்தாக இருந்தால், அந்த மாற்றம் குறைந்து பலன் இறங்கலாம். ரசத்தில் போடும் மிளகுக்கு இவ்வளவு வலு இல்லை. பைப்பரினைத் தனியாகப் பிரித்து, நாள் தவறாமல், மாதக்கணக்கில் கொடுக்கும்போதுதான் கவலைப்பட வேண்டும். "எளிதில் உறிஞ்சப்படும்" என்ற விளம்பரத்தோடு நுண்துகள்களாகவோ கொழுப்புப் பொருளோடு பிணைத்தோ விற்கும் வகைகளுக்கும் இதே கவனம் தேவை. உள்ளே சேரும் அளவு கூடினால், தீங்கு செய்யும் வாய்ப்பும் கூடுகிறது.

எதை எதிர்பார்த்துக் கொடுக்கிறீர்கள் என்பதை எழுதி வையுங்கள்

இந்தப் படியைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு தாளில் ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இந்தக் கேப்சூல் எதற்காக? கட்டி கரைய வேண்டும் என்பதற்கா, கதிர்வீச்சில் தோல் வேகாமல் இருப்பதற்கா, வாய்ப்புண் ஆறுவதற்கா, மூட்டு வலிக்கா, அல்லது நாமும் ஏதாவது செய்கிறோம் என்ற மன ஆறுதலுக்கா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

கட்டி கரைவதற்காக என்றால், உண்மையை நேராகச் சொல்ல வேண்டும். சோதனைக் குழாயிலும் எலிகளிலும் குர்குமின் புற்றுநோய் அணுக்களைத் தடுப்பதாகக் காட்டும் ஆய்வுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மனிதர்களிடம் செய்தவை மிகக் குறைவு, பெரும்பாலும் சிறியவை. ஹூஸ்டன் நகரில் கணையப் புற்றுநோயாளிகள் 25 பேரைச் சேர்த்து, நாளொன்றுக்கு 8 கிராம் கொடுத்துச் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மதிப்பிட முடிந்த 21 பேரில் இருவரிடம் மட்டுமே குறிப்பிடத்தக்க மாற்றம் தெரிந்தது, அவர்களில் ஒருவருக்குக் கட்டி சுருங்கியது நெடுநாள் நீடிக்கவில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், பரவிய குடல் புற்றுநோய்க்கு வழக்கமான கீமோவோடு நாளொன்றுக்கு 2 கிராம் குர்குமின் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2019இல் வந்தது. சேர்த்துக் கொடுத்தது பாதுகாப்பாகவே இருந்தது, ஆயுள் விஷயத்திலும் நம்பிக்கையூட்டும் குறி தெரிந்தது. ஆனால் கலந்துகொண்டவர்கள் 28 பேர்தான், அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பிரான்சில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு டோசிடாக்சல் என்ற கீமோ மருந்துடன் குர்குமினைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் குர்குமின் எடுத்தவர்களுக்கும் வேறுபாடு தெரியாததால் அதை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கதிர்வீச்சுத் தோல் புண்ணைப் பற்றிய கதை இன்னும் தெளிவானது. 2013இல் 30 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நாளொன்றுக்கு 6 கிராம் கொடுத்துச் செய்த சிறிய ஆய்வில், தோல் பாதிப்பு குறைந்தது. அந்த நம்பிக்கையில் அதே குழுவினர் 686 பேரிடம் திரும்பச் செய்த பெரிய ஆய்வின் முடிவு 2018இல் வந்தபோது, குறிப்பிடத்தக்க பலன் எதுவும் இல்லை. சிறிய ஆய்வு ஒன்றின் செய்தி வாட்ஸ்அப்பில் வரும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களை, 30ஐயும் 686ஐயும், நான் நினைத்துக்கொள்வேன். கீமோவாலும் கதிர்வீச்சாலும் வரும் வாய்ப்புண்ணுக்கு மஞ்சள் அல்லது குர்குமின் கலந்த வாய் கொப்புளிப்பு நீரைச் சோதித்த ஆய்வுகள் நம் நாட்டிலும் நடந்திருக்கின்றன. சிலவற்றில் புண்ணின் கடுமை குறைந்திருக்கிறது. அவையும் சிறியவைதான் என்றாலும், விழுங்காமல் துப்பிவிடுவதால் அபாயம் குறைவு, ஆகவே மருத்துவரிடம் தயங்காமல் கேட்கக்கூடிய பயன்பாடு இது என்பது என் கருத்து.

மூட்டு வலி, சோர்வு, பசியின்மை போன்ற துன்பங்களுக்காக என்றால், அவற்றை முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். பல நோயாளிகள் தொந்தரவைச் சொல்வதே இல்லை, கீமோ என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார்கள். அந்தத் தொந்தரவுகளுக்குச் சோதித்து நிறுவிய மருந்துகள் இருக்கின்றன.

மஞ்சப்பையில் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்

மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளுக்கு முன்னிரவு, வீட்டில் நோயாளி சாப்பிடும் ஒவ்வொன்றையும், சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, சித்த மருந்து, சூரணம், லேகியம், கஷாயப் பொடி, சத்து மாவு உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். பட்டியல் எழுதுவதைவிடக் குப்பியையே கொண்டுபோவது நல்லது. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் மஞ்சள் என்று இருக்கும், பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் பைப்பரினும் வேறு நான்கு மூலிகைகளும் இருக்கும்.

கீமோ ஏற்றும் நாளின் பரபரப்பு கேட்பதற்குத் தகுந்த நேரம் அல்ல. அதற்கு முன் ரத்தப் பரிசோதனை முடிவைக் காட்டப் போகும் நாளில் கேளுங்கள். கேட்கும் விதமும் முக்கியம். "டாக்டர், மஞ்சள் சாப்பிடலாமா?" என்று கேட்டால், சமையல் மஞ்சள் என்று நினைத்து அவர் சாப்பிடலாம் என்று சொல்லிவிடுவார். அதற்குப் பதிலாக, குப்பியை மேசை மேல் வைத்து, "டாக்டர், இந்தக் கேப்சூலில் குர்குமின் 475 மில்லிகிராமும் பைப்பரின் 5 மில்லிகிராமும் இருக்கிறது. அக்காவுக்கு இப்போது போகும் மருந்துகளோடு இது மோதுமா? இப்போது வேண்டாம் என்றால், எப்போது கேட்கலாம்?" என்று கேளுங்கள். மருத்துவருக்கு நேரம் இல்லாவிட்டால், மருத்துவமனையின் மருந்தாளுநரிடம் கேட்கலாம். மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதைப் பார்த்துச் சொல்வது அவர் படித்த படிப்பு.

திட்டுவார்களோ என்ற பயத்தில் மறைத்துவிடாதீர்கள். எங்களுக்கு அன்று திட்டு விழவில்லை. மறைத்திருந்தால், பின்னால் கல்லீரல் அளவுகள் ஏறும்போது காரணம் கேப்சூலா கீமோவா என்று தெரியாமல், தேவையான கீமோவை மருத்துவர் தள்ளிப்போட நேர்ந்திருக்கும்.

சித்த மருத்துவரிடமும் பார்ப்பவர்கள் இருவருக்கும் மற்றவரைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடத்தில் பதிவு பெற்ற மருத்துவரைப் பார்த்தால், எழுத்தில் மருந்துச் சீட்டு கிடைக்கும், அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டலாம். பெயர் சொல்லாமல் பொட்டலமாகக் கட்டித் தரும் மருந்தை எவர் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

யார் தொடவே கூடாது

அக்காவுக்கு முதல் நான்கு சுற்று, சிவப்பு நிறத்தில் ஏறும் டாக்ஸோரூபிசினும் சைக்ளோபாஸ்பமைடும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், குர்குமின் கலந்த தீனி தின்ற எலிகளிடம் சைக்ளோபாஸ்பமைடு கட்டியைச் சுருக்கும் வேகம் குறைந்தது. மார்பகப் புற்றுநோய் அணுக்களிடம் டாக்ஸோரூபிசின் உள்ளிட்ட மருந்துகளின் கொல்லும் திறனும் இறங்கியது. எலிக்கு நடந்ததெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், குணப்படுத்தும் நோக்கத்தோடு கொடுக்கும் சிகிச்சையில் அந்தச் சந்தேகத்தையே ஏன் உள்ளே விட வேண்டும் என்று மருத்துவர் கேட்டார், எங்களிடம் பதில் இல்லை.

மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிபென் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மனிதரிடம் எடுத்த சான்றே இருக்கிறது. டமாக்சிபென் கல்லீரலில் எண்டாக்சிபென் என்ற பொருளாக மாறித்தான் பெருமளவு வேலை செய்கிறது. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 16 பேரிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு மூன்று வேளை 1,200 மில்லிகிராம் குர்குமின் எடுத்தபோது எண்டாக்சிபென் அளவு சுமார் 8 விழுக்காடும், கூடவே பைப்பரினும் சேர்ந்தபோது சுமார் 12 விழுக்காடும் குறைந்தது. டமாக்சிபென் 5 ஆண்டு, சிலருக்கு 10 ஆண்டு தொடரும் மாத்திரை. அத்தனை ஆண்டும் அதன் வலுவைக் குறைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோகிரல், ஆஸ்பிரின், ஹெப்பாரின் ஊசி போன்றவை எடுப்பவர்களும், கீமோவால் தட்டணுக்கள் குறைந்திருப்பவர்களும் கேப்சூலைத் தவிர்க்க வேண்டும். குர்குமினுக்குத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் இயல்பு உண்டு. நியூசிலாந்தில், வார்ஃபரினில் நிலையாக இருந்த ஒருவர் மஞ்சள் தயாரிப்பு ஒன்றைத் தொடங்கிய சில வாரங்களில் ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் அவருடைய ஐ.என்.ஆர் அளவு 10ஐத் தாண்டியதாக அந்நாட்டு மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018இல் எச்சரித்தது. வழக்கமாக அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். இதே காரணத்தால், அறுவை சிகிச்சை, திசு எடுத்தல், கீமோ போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி) பொருத்துதல், பல் பிடுங்குதல் போன்றவற்றுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிடச் சொல்வது வழக்கம்.

பித்தப்பைக் கல் அல்லது பித்தக்குழாய் அடைப்பு உள்ளவர்கள், ஏற்கெனவே கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள், கல்லீரலுக்கு நோய் பரவியவர்கள், சிறுநீரகக் கல் வந்தவர்கள் ஆகியோருக்கும் இது ஏற்றதல்ல. குர்குமின் பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது. மஞ்சள் தூளில், சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் மிகுதியாக உண்டு. இரும்புச் சத்துக் குறைவால் சோகை இருப்பவர்கள், குர்குமின் குடலில் இரும்போடு பிணைந்து அதைச் சேரவிடாமல் தடுக்கக்கூடும் என்பதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும். உறுப்பு மாற்று அல்லது எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து எடுப்பவர்கள் எக்காரணத்தாலும் தாமாகத் தொடங்கக் கூடாது.

கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உடம்பில் மஞ்சள் பூசிக் குளிப்பது நம் வீடுகளில் பழக்கம் என்பதால், தோல் கறுத்துச் சிவக்கும்போது குழைத்துப் பூசத் தோன்றும். கதிர்வீச்சு விழும் இடத்தில், கதிர்வீச்சு மருத்துவர் எழுதித் தந்ததைத் தவிர எதையும் பூச வேண்டாம். குறி பார்க்க வரைந்த கோடுகளும் அதில் அழிந்துவிடும்.

மருத்துவர் சரி என்றால், வாங்கும்போது

குப்பியின் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு கேப்சூலில் குர்குமினாய்டு எத்தனை மில்லிகிராம் என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும், "மஞ்சள் சாரம் 500 மி.கி." என்று மட்டும் இருந்தால் அதில் குர்குமின் எவ்வளவு என்று தெரியாது. உணவுத் துணைப்பொருளாக விற்கும் குப்பியில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். ஆயுர்வேத, சித்த மருந்தாக விற்பதில் மருந்து உற்பத்தி உரிம எண் இருக்கும். தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இல்லாத குப்பியை வாங்க வேண்டாம். பல மூலிகைகள் கலந்ததைவிட ஒரே பொருள் உள்ளதும், பைப்பரின் சேராததும் நல்லது.

கஸ்தூரி மஞ்சளும் மரமஞ்சளும் வேறு செடிகள். பெயரில் மஞ்சள் இருப்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

தூளாகவே வாங்குவோர் உதிரித் தூளைத் தவிர்த்து, விரலி மஞ்சளாக வாங்கி வெயிலில் காயவைத்து மில்லில் அரைத்துக்கொள்ளலாம். நிறத்துக்காக ஈயக் குரோமேட்டைச் சேர்க்கும் கலப்படம் தெற்காசியாவில் மெய்யாகவே நடந்த ஒன்று. வங்கதேசத்தில் 2019இல் அரசு கடும் நடவடிக்கை எடுத்த பிறகுதான் அங்கே அது ஒடுங்கியது. ஈயத்தின் நச்சு குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் இன்னும் கொடியது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் பச்சை மஞ்சள் சாறு வேண்டாம். கிழங்கில் ஒட்டிய மண்ணில் கிருமிகள் இருக்கும். கொதித்த பாலிலோ குழம்பிலோ வெந்த மஞ்சளே போதும்.

நரம்பில் ஏற்றும் குர்குமின் என்று எவராவது அழைத்தால் போகாதீர்கள். 2017இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அப்படி ஏற்றிக்கொண்ட ஒரு பெண் இறந்தார். அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அந்த மருந்தை ஆய்ந்தபோது, குறிப்பிட்டிருந்த அளவில் 2 விழுக்காடு குர்குமின்தான் அதில் இருந்தது. நச்சுப் பொருளான டைஎத்திலீன் கிளைக்காலும் கலந்திருந்தது.

தொடங்கிய பிறகு

தொடங்கும் முன் கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனையின் அளவுகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு மருத்துவர் சொன்ன அளவில், உணவுக்குப் பின் எடுத்து, அந்தச் சமயத்தில் வேறு எந்தப் புதிய மருந்தையும் மூலிகையையும் சேர்க்காமல் இருங்கள். ஒரே வாரத்தில் மூன்றைத் தொடங்கினால், வயிறு கெட்டது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. வயிற்றுப்போக்கு, குமட்டல், வயிறு உப்புதல் ஆகியவை குர்குமின் அளவு கூடும்போது வரக்கூடியவை. கீமோவாலும் இவை வரும் என்பதால், தேதியோடு எழுதி வைத்தால்தான் பிரித்தறிய முடியும். மலம் மஞ்சளாகப் போவது இயல்பு.

கல்லீரலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைத் தொடர்ந்து பதிவு செய்யும் ஒரு குழு, மஞ்சள் தயாரிப்புகளால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022இல் எழுதியது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது, ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது. அந்த மரபணு நமக்கு இருக்கிறதா என்று கேப்சூல் வாங்கும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இத்தாலியிலும் இப்படிப்பட்ட கல்லீரல் அழற்சிகள் தொடர்ந்து பதிவானதால், அரசு எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. பாதிப்பு பெரும்பாலும் தொடங்கிய ஒன்று முதல் நான்கு மாதங்களுக்குள் தெரிகிறது. கண்ணின் வெண்பகுதி மஞ்சளாவது, சிறுநீர் தேயிலைத் தண்ணீர் போலக் கறுப்பது, உடம்பு அரிப்பது, வலது விலாவுக்குக் கீழே வலிப்பது, சாப்பாடு கண்டாலே குமட்டுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே கேப்சூலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மஞ்சள் சாப்பிடுவதால்தான் கண் மஞ்சளாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மஞ்சள் சாப்பிட்டால் கண் அப்படி ஆகாது, அது காமாலை. கீழாநெல்லி கொடுத்துப் பார்த்துக்கொண்டு நாட்களைக் கடத்தவும் கூடாது.

கீமோவை விட்டுவிடச் சொல்பவர்கள் வரும்போது

கேப்சூலோடு சேர்ந்து ஆலோசனைகளும் வரும். அவற்றில் ஒன்றை மட்டும் கடுமையாக மறுக்க வேண்டும்: கீமோ வேண்டாம், இதுவே போதும் என்பது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் வழக்கமான சிகிச்சையை விட்டு மாற்று மருத்துவத்தை மட்டுமே நம்பியவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்காக இருந்தது. மார்பகப் புற்றுநோயில் அது ஐந்து மடங்கைத் தாண்டியது. மேலும், புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று ஒரு மருந்தை விளம்பரம் செய்வதை, 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் இந்தியாவில் தடை செய்திருக்கிறது. அப்படி விளம்பரம் செய்பவர் சட்டத்தை மீறுகிறார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். எங்கள் பெரியப்பாவிடம் ஆய்வுகளைச் சொன்னபோது கேட்காதவர், இதைச் சொன்னபோது கேட்டார்.

சித்தியிடம் குப்பியைத் திருப்பிக் கொடுப்பது எங்களுக்குக் கடினமாகத்தான் இருந்தது. அக்காவே போனில் பேசினாள். "சித்தி, நீங்க கொடுத்தது நல்லதுதான், ஆனா என் மாத்திரையோட இது சேராதாம். நீங்க வர்றப்ப நம்ம தோட்டத்து மஞ்சளைக் கொண்டு வாங்க, ரசம் வெச்சுத் தாங்க" என்றாள். அடுத்த முறை சித்தி விரலி மஞ்சளை வேகவைத்துக் காயவைத்து, அரைத்து, டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து, பத்து நாள் தங்கிச் சமைத்துப் போட்டார். கீமோவின் நடுவில், வாயில் எதுவும் ருசிக்காத நாட்களில், அக்கா மறுக்காமல் குடித்தது அந்த ரசம் ஒன்றைத்தான்.

கேப்சூலால் தொந்தரவு ஏதும் வந்திருந்தால், மீதிக் கேப்சூல்களோடு குப்பியைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். தொகுதி எண் அதில்தான் இருக்கிறது. மருத்துவமனையில் மருந்து எதிர்விளைவுகளைப் பதிவு செய்யும் பிரிவு இருந்தால் அங்கே கொடுங்கள், இல்லையென்றால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024இல் நோயாளியோ குடும்பத்தினரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். அழைக்கும் முன் குப்பியின் பெயர், தொகுதி எண், எத்தனை நாள் எவ்வளவு எடுத்தார், கூட எடுத்த மற்ற மருந்துகள் ஆகிய நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.